பணம் யாரின்ர கையில?

கொழும்பில இருந்து கிராமங்களுக்குத் திட்டம் போடுற எல்லாருக்கும் 1958 ஞாபகத்தில இருக்கவேணும். நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ.டி. ஆரியரத்ன தன்ர மாணவர்களைக் கனத்தொளுவவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாதியால ஒதுக்கப்பட்ட கிராமம். அந்தச் சனத்தோட தங்கி, சேர்ந்து வேலை செய்தினம். சர்வோதயம் எண்ட கிராம முன்னேற்ற இயக்கம் அப்பிடித்தான் தொடங்கினது.

2004இல வந்த கெமி திரிய எண்ட கிராம அபிவிருத்தித் திட்டம் இன்னும் ஒரு படி மேல போனது: உலக வங்கிப் பணம் நேராக் கிராம அமைப்பின்ர கையில வந்தது. வீதியா, குடிதண்ணியா எண்டு சனமே தீர்மானிச்சு, சாமான் வாங்கி, ஊருக்கே கணக்குக் காட்டவேண்டியிருந்தது. அந்தக் கணக்குத்தான் எனக்குப் பெரிய விசயம்.

மலையகத் தேயிலைத் தோட்ட லயங்களில (வரிசை வீடுகளில) இருக்கிற சனத்துக்கும் இந்த உரிமை வேணும். முதலில அங்க இருக்கிற அக்காமாரைக் கேளுங்கோ, பிறகு செலவு மதிப்பீடு போடுங்கோ.