ஹெரால்டுக்கு ரோல் கேஜ்: குன்னூரில் ஏழு மாத வேலை

அப்பா வாங்கிய 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு, 948 சிசி. போன ஐப்பசியில் கட்டபெட்டு பக்கம் ஈர ரோட்டில் வரும்போது வளைவுக்கு நடுவில் ஆக்ஸிலரேட்டரை வெடுக்கென்று விட்டுவிட்டேன். வண்டியின் பின்பாகம் எழும்பி வெளியே போனது. தேயிலைச் செடிகள் தடுத்து நிறுத்தின. பக்கத்தில் இருந்த அப்பா சிறிது நேரம் பேசவே இல்லை. அப்புறம், "இந்த வண்டியில காலை மெதுவா எடுக்கணும்டா, எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றார். கார் உருண்டால் உள்ளே இருப்பவரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூடுதான் ரோல் கேஜ். அதன் வேலை அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

அப்பா சொன்னதற்குக் காரணம் பின் ஆக்ஸில். ஹெரால்டில் இருப்பது ஸ்விங் ஆக்ஸில். பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலுக்கு இரண்டு பக்கமும் தண்டுகள் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும், மேலே குறுக்காக ஒரு லீஃப் ஸ்ப்ரிங். வளைவில் வேகமாகத் திரும்பும்போது திடீரென்று காலை எடுத்தால் எடை முன்பக்கம் போய், பின்பாகம் தூக்கி, வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும். கார் உருள இது ஒரு நல்ல வழி. ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயரும் ஜிடி6-ம் இதே ஹெரால்டு சேஸிஸைக் குட்டையாக்கிச் செய்த ஸ்போர்ட்ஸ் கார்கள். அவற்றின் ஆரம்ப மாடல்களுக்கும் இதே குணம் உண்டு. நம் ஊரில் பின்னால் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் இந்த ஆக்ஸிலையே மாற்றிவிட்டார்கள்.

இன்னொரு விஷயம் ஹெரால்டின் கூரை. அது போல்ட் போட்டு மாட்டியது. கழற்றிவிட்டால் திறந்த கார். தூண்களும் ஒல்லி. உருண்டால் அந்தக் கூரையை நம்பி உட்கார முடியாது. வேலை செய்பவனுக்கு மட்டும் அது ஒரு வரம். கூரையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நின்றுகொண்டு அளவெடுக்கலாம்.

முதலில் முழு கேஜ்தான் ஆசை. முன்தூண் ஓரமாக இரண்டு குழாய், கண்ணாடிக்கு மேல் ஒன்று, கதவுக்குக் குறுக்கே ஒன்று என்று படம் போட்டு வைத்திருந்தேன். இரும்பு வாங்குவதற்கு முன்னால் எலக்ட்ரிகல் பிவிசி பைப்பில் ஒரு மாதிரி கட்டினேன். அந்த ஒரு நாள் வேலை என் திட்டத்தையே மாற்றியது.

சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டேன். மனைவி டேப்பை வைத்து அளந்தாள். வலது பொட்டுக்கும் பக்கவாட்டுக் குழாய்க்கும் நடுவில் ஏழு சென்டிமீட்டர். "சும்மா சாஞ்சு பாருங்க" என்றாள். சாய்ந்தேன். நெற்றி நேராகப் போய்ப் பைப்பில் பட்டது. பிவிசி என்பதால் 'டொக்' என்றது. மூன்று முனை பெல்ட் தோளைப் பிடித்தாலும் மோதலில் உடம்பு முன்னாலும் பக்கவாட்டிலும் நிறையவே போகும். அந்த இடத்தில் 2.5 மில்லிமீட்டர் கனத்தில் ஸ்டீல் குழாய் இருந்து, தலையில் ஹெல்மெட் இல்லையென்றால், உருளவே தேவையில்லை. மார்க்கெட் சந்தில் யாராவது பக்கத்தில் வந்து இடித்தாலே மண்டை போய்விடும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஹெல்மெட், உடம்பை இறுக்கிப் பிடிக்கும் ரேஸ் பெல்ட்டான ஹார்னஸ், சரியான சீட் மூன்றும் இருந்தால்தான் முழு கேஜ் உயிர் காக்கும். தினசரி ஓட்டும் காரில் அழகுக்காகக் கேஜ் போட்டு, வெறும் தலையோடு ஓட்டும் நண்பர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. கேஜ் இல்லாமல் ஹார்னஸ் மட்டும் போட்டுக்கொள்வது. உருளும்போது ஹார்னஸ் உடம்பை நிமிர்த்திப் பிடித்து வைக்கும், கூரை இறங்கும், ஒதுங்க இடமே இருக்காது. கழுத்துதான் தாங்க வேண்டியிருக்கும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவை வைத்து, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

ஆகவே முடிவு இது. சீட்டுக்குப் பின்னால் ஒரு ஹூப் (தலைகீழ் U வடிவில் வளைத்த குழாய்), பின்னோக்கி இரண்டு தாங்கிகள், நடுவில் ஒரு குறுக்குக் குழாய், ஹார்னஸ் மாட்ட ஒரு கிடைக்குழாய். எல்லாம் போல்ட்டில். ட்ராக்குக்குப் போகும்போது மட்டும் மாட்டுவேன், அப்போது கார் லோடு வண்டியில் ஏறித்தான் மலை இறங்கும். திரும்பி வந்ததும் கழற்றி, பின் சீட்டை மாட்டினால் பழைய குடும்பக் கார். ஹூப் இருக்கும்போது பின்னால் யாரையும் உட்கார வைக்க மாட்டேன், அக்கா பிள்ளைகள் எவ்வளவு அழுதாலும் சரி.

அளவுகளை, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிப் புத்தகத்தின் 253ஆவது பிரிவிலிருந்து எடுத்தேன். முக்கிய ஹூப்புக்குச் சீம் (நீளவாக்கில் ஒட்டு) இல்லாத, சூடாக்காமல் இழுத்துச் செய்த கோல்டு ட்ரான் கார்பன் ஸ்டீல், 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 கனம். மற்றவை 38க்கு 2.5. மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் கேட்டபோது, "ஏனுங்க, ஒன்றரை இஞ்ச் ஜிஐ பைப்புலயே போட்டுக்கலாமுங்க, அதுதான் கனமா இருக்குமுங்க" என்றார் அண்ணன். அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் தண்ணீர் போவதற்காகச் செய்தது. நீளவாக்கில் சீம் உள்ள பைப்பை வளைத்து, அதன்மேல் ஒரு காரின் எடை விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் உறுதி தர முடியாது. வெல்டிங் செய்தால் துத்தநாகம் வெள்ளைப் புகையாக வந்து வெல்டருக்குக் காய்ச்சலும் கொடுக்கும்.

சரியான குழாயை கோவையில் வாங்கினேன். முதலில் வளைத்துக் கொடுத்த இடத்தில் ஒரு ஹூப் வீணானது. பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. வளைவின் நடுவில் வெர்னியர் அளவுகோலை வைத்தால் ஒரு பக்கம் 49, மறுபக்கம் 39. வளைந்த இடம் முட்டை வடிவமானால் சின்ன அளவைப் பெரிய அளவால் வகுத்து 0.9க்குக் குறையக்கூடாது என்பது விதி. எனக்கு வந்தது 0.8கூட இல்லை. நசுங்கத் தொடங்கிவிட்ட குழாய், பாரம் வந்தால் அதே இடத்தில்தான் மடியும். வளைவின் ஆரமும் குழாய் விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது, அதாவது 135 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். குழாய் நசுங்காமல் உள்ளே மாண்ட்ரல் என்ற தாங்குதண்டு விட்டு வளைக்கும் வேறொரு இடத்தைத் தேடிப் பிடித்தேன். இரண்டாவது ஹூப்பில் 46, 43. அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

தாங்கிகள் செங்குத்திலிருந்து குறைந்தது 30 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். நான் குறித்த இடத்தில் 27தான் வந்தது. பாதத்தை ஒன்பது சென்டிமீட்டர் பின்னால் தள்ளி 33க்குக் கொண்டுவந்தேன்.

அதிக நாள் பிடித்தது தரைத் தகடு. குன்னூரில் இரண்டு பருவமழையும் உண்டு, மீதி நாள் பனிமூட்டம். ரப்பர் மேட்டைத் தூக்கினால் பெயின்ட் பளபளவென்று இருந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், அப்பளம் போலப் பொரிந்து கீழே ஷெட் தரை தெரிந்தது. ஓட்டுநர் பக்கம் மட்டும் இரண்டு கை அகலத்துக்கு இப்படி. இதன்மேல் எவ்வளவு நல்ல ஹூப்பை நிறுத்தினாலும், உருளும்போது குழாய் தரையைக் குத்திக்கொண்டு கீழே இறங்கும், அவ்வளவுதான். அழுகிய தகட்டை வெட்டி எடுத்துப் புதிதாக வைத்து, சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் கை நீளும் இடத்துக்கு நேர் மேலே 3 மில்லிமீட்டர் கனமுள்ள பிளேட் வைத்தேன். ஒவ்வொன்றும் 120 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாமல். பாதத்துக்கு மூன்று எம்8 (8 மில்லிமீட்டர்) போல்ட், வலுவில் 8.8 கிரேடு. நாலு பாதம், பன்னிரண்டு போல்ட். மொத்தம் இருபது கிலோவை ஒட்டி வந்தது.

ஹூப்பில் தலைக்கு அருகே சுற்றும் பஞ்சு பற்றி ஒன்று. ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோம் போதும் என்று நண்பன் கொடுத்தான். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே ஸ்டீல் தெரிகிறது. எஃப்ஐஏ முத்திரை உள்ள பேடிங் வந்தபோது அதையும் அழுத்திப் பார்த்தேன், மரக்கட்டை போல இருந்தது, விரல் வலித்தது. அது ஹெல்மெட் போட்ட தலைக்காகச் செய்தது. வெறும் தலைக்கு அதுவும் ஆகாது.

போன மாதம் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் முதல் ஓட்டம். சுற்று 2.1 கிலோமீட்டர். ஹெல்மெட், ஹார்னஸ், ஹூப். வளைவுக்குள் போகும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, உள்ளே போனதும் காலை ஒரே சீராக வைத்தேன். பின்பாகம் அமைதியாகவே இருந்தது. அப்பா வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பிளேட் வரை மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். மாலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பதினொன்று அப்படியே இருந்தது. இடது தாங்கியின் வெளி போல்ட்டில் மட்டும் கோடு ஒரு நெல் அகலம் விலகியிருந்தது. கழற்றினால் பிளேட்டின் மேல் பெயின்ட் தடிமனாக இருந்திருக்கிறது. அது அமுங்கியதில் போல்ட்டின் பிடி தளர்ந்துவிட்டது. மறுநாள் பன்னிரண்டு இடத்திலும் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, மெல்லிதாக ப்ரைமர் மட்டும் அடித்து, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்கி, புதுக்கோடு போட்டேன்.