"ஒரு ஊசி கூடவா இல்லை?"

பிறந்ததும் அழாத குழந்தையை என்.ஐ.சி.யூ என்கிற பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோனதும் வெளியே நிற்கிற குடும்பம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை என்கிறீர்களே, அதற்கு ஏதாவது மருந்து போடுங்கள் டாக்டர் என்பார்கள். அந்தப் பாதிப்பைத் தடுக்கும் என்று உறுதியாக நிரூபணமான மருந்து ஒன்றுகூட இன்னும் இல்லை என்று சொல்ல எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கனக்கிறது.

இத்தனைக்கும் அவகாசம் இருக்கிறது. மூச்சுத் திணறிய அந்த நிமிடங்களிலேயே எல்லா செல்லும் செத்துவிடுவதில்லை. ரத்த ஓட்டம் திரும்பியதும் மூளை கொஞ்சம் தேறியதுபோல இருக்கும், அப்புறம் சுமார் ஆறு மணி நேரத்தில் இரண்டாவது சரிவு தொடங்கும். நரம்பு செல்களைத் தூண்டுகிற குளுட்டமேட் என்ற ரசாயனம் பெருகி, செல்லுக்குள் கால்சியம் புகுந்து, வாயைச் சப்புக்கொட்டுவது மாதிரி ஆரம்பிக்கிற ஃபிட்ஸ் கை கால் வரை வந்துவிடும்.

அந்த இடைவெளியில் பணக்கார நாடுகளில் குழந்தையைக் குளிரூட்டுகிறார்கள்: 33.5 டிகிரி, 72 மணி நேரம். அதோடு மயக்க மருந்தாகப் பயன்படும் செனான் வாயுவைச் சேர்த்துப் பார்த்தார்கள், பலனில்லை. கிட்னி நோயாளிகளின் ரத்தசோகைக்குப் போடும் எரித்ரோபொய்ட்டின் விலங்குகளில் நன்றாக வேலை செய்ததால் எல்லோரும் அதன்மேல் பெரிய நம்பிக்கை வைத்திருந்தோம். அமெரிக்காவில் 500 குழந்தைகளிடம் நடந்த ஹீல் ஆய்வின் முடிவு 2022இல் வந்தது: குளிரூட்டலோடு சேர்த்துக் கொடுத்ததில் கூடுதல் நன்மை இல்லை, தீவிரப் பக்கவிளைவுகள்தான் அதிகம்.

சரி, குளிரூட்டலாவது நமக்குக் கைகொடுக்கிறதா? இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் நடந்த ஹீலிக்ஸ் ஆய்வில் சென்னையும் உண்டு. 2021இல் வெளியான அதன் முடிவில், குளிரூட்டிய குழந்தைகளில் 42 சதவீதம் இறந்திருந்தன, குளிரூட்டாதவற்றில் 31. நம் குழந்தைகளுக்குப் பாதிப்பு பிரசவத்துக்கு வெகு முன்பே, வேறு விதமாகத் தொடங்குகிறதோ என்ற சந்தேகம் அதற்குப் பிறகு பலமாகிவிட்டது.

அதனால்தான் ஹீல் முடிவைக் காட்டி எரித்ரோபொய்ட்டினை மூட்டை கட்டிவைப்பதை நான் ஏற்கவில்லை. குளிரூட்டாத குழந்தைக்கு அதைத் தனியாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஆய்வு கேட்கவே இல்லை. டயாலிசிஸ் நடக்கிற ஆஸ்பத்திரிகளில் புழங்குகிற மருந்து அது, நம் குழந்தைகளிடம்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அதுவரை ஃபிட்ஸை அடக்குவது, சர்க்கரை இறங்காமல் பார்ப்பது, முக்கியமாக உடம்பு சூடேறவிடாமல் காப்பது. குழந்தையைக் கதகதப்பாக வைக்கிற கருவியான வார்மரின் தோல் சென்சார் கழன்றால், குழந்தை குளிர்ந்துவிட்டதாக நினைத்து கருவி சூட்டைக் கூட்டும்; குழந்தை சூடேறிவிடும், அடிபட்ட மூளைக்கு அந்தச் சூடு ஆகாது. அந்த ஒயரைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும், எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் செய்யலாம்.