காலை 10.30 மணி கையெழுத்து

2018இல் கோவை மத்திய சிறையில் 128 நாள் விசாரணைக் கைதியாக இருந்தேன். 2022இல் வழக்கிலிருந்து விடுதலை ஆனேன். உள்ளே இருந்த நாட்களைப் பற்றி இங்கே எழுதவில்லை. வெளியே வந்த பிறகு வேலைக்கு அலைந்ததைத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் உள்ளே போய் வரும் பையன்களிடம் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

தெருவில் ஒரு கைகலப்பு, 307 (கொலை முயற்சி) போட்டுவிட்டார்கள். எஃப்.ஐ.ஆரில் நானும், என்னோடு ஒரே நாளில் கம்பெனியில் சேர்ந்த நண்பனும் இருந்தோம். அவன் அப்பாவுக்குச் சொந்த வீடு, கையில் கொஞ்சம் பணம். உடனே வக்கீல் வைத்து முன்ஜாமீன் வாங்கிவிட்டார். எனக்கு 41ஆம் நாள் ஜாமீன் கிடைத்தது. ஆனால் ஜாமீன்தாரர் இரண்டு பேர் வர வேண்டும், அவர்கள் வீட்டு வரி ரசீது காட்ட வேண்டும். எங்கள் காம்பவுண்டில் ஏழு குடும்பமும் வாடகைக்கு இருப்பவர்கள், வரி ரசீதுக்கு எங்கே போவது? அம்மா சொந்தக்காரர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி, இரண்டு பேரைச் சம்மதிக்க வைக்க இன்னும் 87 நாள் ஆனது.

வெளியே வந்தால் கண்டிஷன். தினமும் காலை 10.30க்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். நான் சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்) ஆபரேட்டர். முதல் ஷிஃப்ட் 6 மணிக்கு, ஜெனரல் ஷிஃப்ட் 8.30க்கு, இரண்டுக்கும் நட்டநடுவில் இந்த 10.30. ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் நோட்டை எடுத்து வைக்கும்வரை பெஞ்சில் காத்திருக்க வேண்டும், சில நாள் 12 மணிகூட ஆகிவிடும். எந்த சூப்பர்வைசர் இதற்கு ஒத்துக்கொள்வார்? 18,000 சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் போய், மதியத்துக்கு மேல் ஆள் தேவைப்படும் ஒரு லேத் பட்டறையில் நாளுக்கு 350 ரூபாய்க்குப் போனேன். கண்டிஷனைத் தளர்த்தச் சொல்லி மனு போடலாம் என்பதே எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

சரி, விடுதலை ஆனதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். காவல் சரிபார்ப்புச் சான்றில் வழக்கு விவரம் அப்படியே வந்தது. தீர்ப்பின் சான்றிட்ட நகலை எடுத்துக்கொண்டு போனேன். கம்பெனியில் இருந்தவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, "சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து" (எதிரிகள் என்றால் குற்றம் சாட்டப்பட்ட நாங்கள்) என்ற வரியில் விரலை வைத்து, அங்கேயே நிறுத்திவிட்டார். தமிழ்நாட்டுக் காவலர் பணி விதியிலேயே, இப்படி விடுதலையானவரை வழக்கில் சம்பந்தப்பட்டவராகத்தான் கருதுகிறார்கள். தனியார் கம்பெனிக்கு அந்த விதி கிடையாது, ஆனால் பார்வை அதே பார்வைதான். நண்பனுக்கும் அதே தீர்ப்பு, அதே வரி. அவன் ஒரு நாளும் லீவு போடாமல் அதே வேலையில் இருந்ததால் அந்த வரியை யாரும் படிக்க வேண்டி வரவில்லை. இன்று அவன் சூப்பர்வைசர், 31,000 வாங்குகிறான். நான் 17,000, அதுவும் கான்ட்ராக்டில்.

விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் மறைக்காதீர்கள். அரசு வேலையைப் பொறுத்தவரை, மறைத்ததே ஆளை நீக்கப் போதுமான காரணம் ஆகலாம் என்றும், அதே சமயம் வழக்கின் தன்மையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றும் 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நான் எங்கேயும் மறைத்ததில்லை. அதனால் சில வேலை கைவிட்டுப் போனது, ஆனால் கிடைத்த வேலையில் பயம் இல்லாமல் நிற்கிறேன்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருந்தான். ஏழு நாளில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர், இலவச சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நேராக ஆணைக்குழு அலுவலகத்துக்கே போய்விட்டேன். 16ஆம் நாள் வந்துவிட்டான். அவனுக்கும் 10.30 மணி கையெழுத்துதான். தளர்வு மனுவை முதல் வாரத்திலேயே போட்டுவிட்டோம், வியாழக்கிழமை விசாரணைக்கு வருகிறது.