குளோப் ஆசிரியரும் நானும்

மார்ச் 4
இன்றும் அறிவிப்பு வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க இதழாசிரியர் பிரான்சிஸ் பிரெஸ்டன் பிளேரைப் பற்றிய குறிப்புகளையே மறுபடியும் எடுத்துப் படித்தேன். அதுவரை தம்மை ஆதரித்த டெலிகிராஃப் இதழ், தம் துணை அதிபராயிருந்தும் எதிரியாகிவிட்ட கல்ஹூனின் பக்கம் சாய்ந்தபோது, நம்பத்தகுந்த ஆசிரியர் ஒருவரைத் தேடிய அமெரிக்க அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன், கென்டக்கியிலிருந்து இவரை வாஷிங்டனுக்கு வரவழைத்தார். 1830 டிசம்பரில் ‘குளோப்’ இதழ் பிறந்தது.

மார்ச் 5
அரசாங்க அச்சு வேலை கிடைத்ததால்தான் குளோப் செழித்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அரசின் பணத்தை வைத்திருந்த, ஜாக்சன் எதிர்த்த அமெரிக்க வங்கியை (Bank of the United States) எதிர்த்துப் பிளேர் எழுதியது கூலிக்கு எழுதியதன்று. அரசின் பணத்தை இனி அந்த வங்கியில் வைப்பதில்லை என்ற முடிவை 1833 செப்டம்பரில் நாட்டுக்கு அறிவித்ததும் குளோப்தான்.

மார்ச் 7
உறக்கம் இல்லை. 1845 என்னை விடுவதாயில்லை.

மார்ச் 8
ஜாக்சனின் ஆதரவால் உயர்ந்த போல்க் அதிபரானதும், தம் சொற்படி நடக்கும் ஓர் ஏடு வேண்டுமென்று, தம் கட்சிக்குள்ளேயே போட்டியாளராயிருந்த முன்னாள் அதிபர் வான் பியூரனுக்கு நெருங்கியவரான பிளேரை விலகச் செய்தார். குளோப், வர்ஜீனியாவின் ரிச்மண்டைச் சேர்ந்த இதழாசிரியர் தாமஸ் ரிட்சியின் கைக்குப் போய் ‘யூனியன்’ ஆயிற்று. டென்னசியில் நோயுற்றுக் கிடந்த ஜாக்சன் தம் நண்பருக்காகப் போல்க்குக்குக் கடிதம் எழுதியும் பயனில்லை. 1845 ஜூன் 8 அன்று ஜாக்சனும் மறைந்தார். பதினான்கு ஆண்டுகளாகக் கட்டி எழுப்பிய ஏட்டை விட்டுக்கொடுத்து, மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங் பண்ணைக்கு ஒதுங்கிய மனிதரின் நெஞ்சில் என்ன இருந்திருக்கும் என்பதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. அவர் போராடியிருக்க வேண்டும்.

மார்ச் 9
ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 11
போராடாமல் இருந்தவர் அல்லர் அவர். தாமே அடிமைகளை வைத்திருந்தவர் (இதைப் பொறுத்துக்கொள்ள என்னால் இயலவில்லை), ஆயினும் அடிமைமுறை புதிய நிலங்களுக்குப் பரவுவதை எதிர்த்து, தம் பழைய ஜனநாயகக் கட்சியையே துறந்து, 1856இல் பிட்ஸ்பர்க்கில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861 ஏப்ரலில், அதிபர் லிங்கனின் சார்பில், பின்னாளில் தென்மாநிலங்களின் தளபதியான ராபர்ட் லீயிடம் ஒன்றியத்தின் படைத்தலைமையை ஏற்கக் கேட்டவரும் இவரே, லீ மறுத்துவிட்டார். மத்திய அரசின் சுங்கவரிச் சட்டம் தன்னிடம் செல்லாது என்ற தென் கரோலினாவின் எதிர்ப்பை 1832-33இல் முறித்து ஜாக்சன் காத்த ஒன்றியத்துக்கே பிளேருடைய விசுவாசம் சொந்தம் என்று இன்று உறுதியாகத் தோன்றுகிறது.

மார்ச் 12
1865 ஜனவரியில், 73 வயதில், சமாதானம் பேச ரிச்மண்டுக்குச் சென்று, பிரிந்துபோன தென்மாநிலங்களின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸைச் சந்தித்தார் பிளேர். அதைப் பற்றி விரிவாக எழுத அமர்ந்தேன். அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது.