மலைக்குப் போகலாமா மிஸ்?

டாக்டர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்லிக்கொடுப்பதும் கிளினிக்கில் என் வேலைதான். அன்றைக்கு அவர் சொன்னது, "வேலைக்குப் போகலாம், பாரம் மட்டும் வேண்டாம்." தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவுக்கு, மாரடைப்பு வந்து மூன்றாவது மாதம், கூடவே சீனி வருத்தம் (நீரிழிவு). மலை என்றால் அவர்கள் கொழுந்து பறிக்கும் சரிவு. அக்கா கேட்டார், "அப்போ மலைக்குப் போகலாந்தானே மிஸ்?"

டாக்டர் அதற்குள் அடுத்தவரின் புத்தகத்தைத் திறந்துவிட்டார். "போகலாம் அக்கா, மூச்சு வாங்குனா நின்னுருங்க" என்றேன். "நின்னு நின்னு எடுத்தா கிலோ வராதே, அரைப்பேருதான் போடுவாங்க." "சரி, நெஞ்சு வலிச்சா கட்டாயம் நிறுத்திருங்க" என்றேன்.

இந்த இடத்தில்தான் மனசு இன்னும் நிற்கிறது. மூச்சு வாங்கினால் என்றது ஒரு நிமிடத்தில் நெஞ்சு வலித்தால் என்று இறங்கிவிட்டது. பெண்களுக்கும் சீனி உள்ளவர்களுக்கும் சில நேரம் மாரடைப்பு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலாக வரும், அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கிலோ குறைந்தால் போடும் அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம், அதுவும் தெரியும்.

ஆதாரமில்லாமல் சொல்லவில்லை. 6 நிமிட நடைப் பரிசோதனையில் நன்றாகவே நடந்தார். ஆனால் அது 30 மீட்டர் சமதளத்தில் போய்த் திரும்பும் நடை, முதுகில் கொழுந்தோடு சரிவில் ஏறுவதைப் பற்றி அது என்ன சொல்லும்? மாரடைப்புக்குப் பிந்தைய உடற்பயிற்சி பற்றி 2021இல் வந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு 85 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, இதய நோயால் சாவது குறைகிறது என்றது. அதில் பெரும்பாலோர் ஆண்கள். இந்தியாவில் மாரடைப்பு வந்த 3,959 பேரை வைத்து நடந்த யோகா-கேர் ஆய்வில், யோகா செய்தவர்கள் பழைய அன்றாடக் காரியங்களுக்குத் திரும்பியது கூடியிருந்தது, மறுபடி மாரடைப்போ சாவோ வருவது மட்டும் சொல்லும்படி குறையவில்லை. அப்படித் திரும்புவதை அங்கே நல்ல முடிவாகத்தான் எண்ணினார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன் போல. ஆனால் எந்த வேலைக்குத் திரும்புகிறார் என்பதில்தானே எல்லாம் கிடக்கிறது.

டாக்டரைத் திருப்பிக் கேட்டிருக்கலாம், மற்ற நாட்களில் கேட்டிருக்கிறேன். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் என்று சொல்லிக்கொள்கிறேன், அது உண்மையும்தான். கேட்டிருந்தால் லைட் வேலை என்று ஒரு துண்டு எழுதித் தந்திருப்பார். அதை வேலை வாங்கும் கங்காணி மதிப்பாரா, தோட்டத்தை நடத்தும் துரை மதிப்பாரா, அது தோட்டத்துக்குத் தோட்டம் வேறு. சில இடங்களில் லைட் வேலை கேட்டால் வேலையே கிடையாது.

கூட வேலை செய்பவள், "போகலாம்னு சொன்னது டாக்டர், நீ ஏன் போட்டுக் குழப்பிக்கிறாய்" என்கிறாள். அக்காவும் மாதாமாதம் மருந்துக்கு வருகிறார், முழுப்பேர் எடுக்கிறாராம், நன்றாகத்தான் இருக்கிறார். எனக்கு அது ஆறுதல்தான், ஆனால் நான் சொன்னது சரி என்று அதை வைத்து எப்படிச் சொல்வது?

இப்போதெல்லாம் யார் கேட்டாலும் எத்தனை கிலோ, எவ்வளவு ஏற்றம் என்று விசாரித்து டாக்டரிடம் சொல்கிறேன். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறார், அப்புறம் அதே வசனத்தைத்தான் எழுதுகிறார்.