எவ்வளவு போனால் அதிகம்?

நவம்பர் 3, 2025, திங்கள்

காலை பதினொரு மணிக்கு டாக்டர் அம்மாவின் முன்னாலேயே கருக்கலைப்புக்கான முதல் மாத்திரையை விழுங்கினேன். மிஃபெப்ரிஸ்டோன், 200 மில்லிகிராம். கரு வளரத் தேவையான ஹார்மோனை இது தடுத்துவிடும் என்றார்.

ஸ்கேனில் 6 வாரம் 4 நாள் என்று வந்தது. மகனுக்குப் பத்து மாதம் ஆகிறது, இன்னும் பால் குடிக்கிறான். பிரசவத்துக்குப் பிறகு எனக்கு மாதவிடாயே வரவில்லை. வராதவரை கரு நிற்காது என்று நம்பியிருந்தேன். அந்தக் கணக்கு முதல் ஆறு மாதத்துக்குத்தான், அதுவும் குழந்தை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் சாப்பிடாதவரைதான் என்பது இப்போதுதான் தெரிகிறது. அவன் ஏழாம் மாதத்திலிருந்தே இட்லி சாப்பிடுகிறான்.

கரு சிசேரியன் தழும்பில் ஒட்டாமல் கர்ப்பப்பைக்குள் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாத்திரையைக் கையில் எடுத்தார். ஹீமோகுளோபின் 9.8. குறைவுதான்.

போன வாரம் வேறொரு மருத்துவமனைக்குப் போயிருந்தோம். கணவர் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே, மாமியாரும் வந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். இங்கே சம்மதப் படிவம் ‘சி’யில் என் கையெழுத்து மட்டுமே. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதமே போதும் என்பது 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அதை நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நவம்பர் 4, செவ்வாய்

லேசான குமட்டல். மாலையில் ஒன்றிரண்டு துளி கறை. வேறொன்றுமில்லை.

நவம்பர் 5, புதன்

ஐப்பசி பௌர்ணமி. அத்தை, அதாவது என் மாமியார், அன்னாபிஷேகம் பார்க்க நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்விட்டார். நான் தூரம், மாதவிடாய் என்று சொல்லியிருந்தேன். கணவர் விடுப்பு எடுத்து மகனைப் பார்த்துக்கொண்டார்.

எட்டரை மணிக்கு இரண்டு இட்லி, ஐபுப்ரோஃபென் 400. வலி வந்த பிறகு போடாதீர்கள், வருவதற்கு முன்பே போடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒன்பது மணிக்கு, கர்ப்பப்பையைச் சுருங்கவைத்துக் கருவை வெளியேற்றும் மிசோப்ரோஸ்டால் நான்கு மாத்திரை. கன்னத்துக்கு இரண்டாக அரை மணி நேரம் அடக்கி வைத்திருந்து, கரையாமல் மிஞ்சியதைத் தண்ணீர் குடித்து விழுங்கினேன். வாயெல்லாம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

பத்தேகாலுக்குக் குளிர் தூக்கிப் போட்டது. மூன்று போர்வை போர்த்தியும் பல் கிட்டிக்கொண்டது. காய்ச்சல் 100.6. இரண்டு முறை வயிற்றுப்போக்கு. இவையெல்லாம் மாத்திரையின் வேலைதான், ஒரு நாளைக்குள் அடங்கும் என்று முன்பே சொல்லியிருக்காவிட்டால் பயத்திலேயே பாதி உயிர் போயிருக்கும்.

பதினொன்றரைக்கு இடுப்பிலிருந்து தொடை வரை வலி இறங்கியது. வெந்நீர்ப் பையை அடிவயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பிறகு ரத்தம், கட்டி கட்டியாக. ஒன்று எலுமிச்சம்பழ அளவு இருந்தது. நோட்டில் எழுதி வைத்தேன்: 12 முதல் 1 மணி வரை ஒரு நாப்கின். 1 முதல் 2 வரை முக்கால். 2 முதல் 4 வரை ஒன்று.

டாக்டர் சொன்ன கணக்கு இது: பெரிய நாப்கின் இரண்டு ஒரு மணி நேரத்தில் முழுவதும் நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே இரண்டு நனைந்தால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் மருத்துவமனைக்கு வர வேண்டும். அந்த எண்தான் இன்று முழுவதும் என் கையைப் பிடித்திருந்தது.

கட்டிகளுக்கு நடுவே வெளிறிய துணுக்கு ஒன்று இருந்தது. பார்த்தேன். தண்ணீர் ஊற்றினேன். குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். முடிவை மாற்ற வேண்டும் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. ஆனாலும் அழுகை வந்தது.

நவம்பர் 6, வியாழன்

காய்ச்சல் இல்லை. ஒரு நாளைத் தாண்டி நீடித்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ தொற்றாக இருக்கலாம், உடனே வரச் சொல்லியிருக்கிறார். பால் கொடுப்பதை நிறுத்தவில்லை. மருந்து பாலில் மிகக் குறைவாகவே சேரும், குழந்தைக்கு வயிறு போகிறதா என்று மட்டும் கவனியுங்கள் என்றார். அவனுக்கு ஒன்றும் இல்லை. நன்றாகத் தூங்கினான்.

நவம்பர் 8, சனி

அக்கா போன் செய்தாள். அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். நான்கு வருடத்துக்கு முன் அவள் ஸ்கேன் எதுவும் பார்க்காமல், யாரோ வாங்கிக் கொடுத்த மாத்திரையைப் போட்டவள். ஒன்பது நாள் ரத்தம் கொட்டியது. இப்படித்தான் போகும் போலிருக்கிறது என்று சமையல் செய்துகொண்டே இருந்திருக்கிறாள். மயங்கி விழுந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு போனார்கள். கர்ப்பப்பையில் மிச்சம் தங்கியிருந்தது. சுத்தம் செய்து, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள்.

“அதிகமாப் போனா வான்னுதான்டி சொன்னாங்க. எவ்வளவு போனா அதிகம்னு ஒருத்தரும் சொல்லல” என்றாள்.

நாப்கின் எண்ணிக்கையைக்கூட விடாமல் நான் எழுதி வெளியிடுவது அதனால்தான்.

நவம்பர் 12, புதன்

நாளுக்கு இரண்டு நாப்கின், பழுப்பு நிறக் கறை. இரண்டு வாரம் இப்படி வரும், சிலருக்கு ஒரு மாதம்கூட நீளும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடக் கூடாது; எலுமிச்சைச் சாற்றோடு போடுகிறேன். மதியம் அத்தை சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கி வந்து மிளகு போட்டு வறுத்துத் தட்டில் வைத்தார். “சாப்பிடு, ரத்தம் ஊறும்” என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முழுவதையும் சாப்பிட்டேன்.

நவம்பர் 15, சனி

பெரிய தவறு செய்துவிட்டேன். மனம் கேட்காமல் சிறுநீர்ப் பரிசோதனை அட்டையில் பார்த்தேன். இரண்டு கோடு. கையெல்லாம் நடுங்கியது. டாக்டருக்குப் போன் செய்தால், அந்த ஹார்மோன் உடம்பிலிருந்து முழுவதும் இறங்க நான்கு வாரம்கூட ஆகும், அதற்குள் அட்டையை நம்பக் கூடாது என்றார். குமட்டல் நின்றுவிட்டதா என்று கேட்டார். போன வாரமே நின்றுவிட்டது, மார்பின் கனமும் குறைந்துவிட்டது. அப்படியானால் செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார்.

நவம்பர் 18, செவ்வாய்

ஸ்கேனில் கர்ப்பப்பை சுத்தமாக இருக்கிறது. மாத்திரை போட்ட பத்து நாளுக்குள்ளேயே மறுபடி கருமுட்டை வெளிவரலாம், மாதவிடாய்க்காகக் காத்திருக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னார். காத்திருந்துதான் இங்கே வந்தேன் என்றேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியைப் பற்றியும் சொன்னார். நான் காப்பர்-டியைக் கேட்டேன். ஐந்து நிமிடம், ஒரு சுருக்கென்ற வலி.

அட்டை ஒன்று கொடுத்தார்கள். போட்ட தேதி 18.11.2025. மாற்ற வேண்டிய ஆண்டு 2035. அப்போது மகனுக்குப் பத்து வயது முடிந்திருக்கும்.