கடைசி முறுக்கு, சக்கரம் தரையில் நிற்கும்போது

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் மாருதி 800-இன் இடப்பக்க லோயர் ஆர்மிலிருந்து (முன்சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு கீழ்ப்பக்கம் இணைக்கும் இரும்புக் கை) கழற்றிய ரப்பர் புஷ்ஷை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் உள்ள இரும்புக் குழாயைச் சுற்றி, தேங்காய்ப் பத்தை வடிவில், ரப்பர் பிறைபோலக் கிழிந்திருந்தது. கிழிந்த இடத்தில் குழாய் ரப்பரோடு உராய்ந்து உராய்ந்து பளபளவென்று இருந்தது. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்த புஷ் எத்தனையோ ஆண்டுகள் தாங்கியது. இது நான் என் கையால் போட்டது; முழுதாகப் பதினொரு மாதம்கூட ஆகவில்லை.

வண்டி அப்பா 1998-இல் வாங்கியது. கார்புரேட்டர் எஞ்சின், 12 அங்குலச் சக்கரங்கள், பவர் ஸ்டியரிங் கிடையாது. குரோம்பேட்டையிலிருந்து அப்பா இன்னமும் இதில்தான் காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் போய் வருகிறார். இந்த மாடல் 2014-இல் உற்பத்தி நின்றுபோன பிறகும் உதிரிபாகங்களுக்குப் பஞ்சமில்லை என்பதும், அடியில் படுத்துப் பார்த்தால் ஒவ்வொரு போல்ட்டும் கைக்கு எட்டும் என்பதும்தான் நான் வீட்டிலேயே இதைப் பிரித்துப் பழகியதற்குக் காரணம்.

அப்பாதான் முதலில் சொன்னார்: “வேகத்தடையில ஏறி இறங்குறப்ப இடது பக்கம் டக்குனு அடிக்குதுப்பா. போன வருஷம் மாத்தினியே, அதே சத்தம்.” அந்தக் கடைசி வரியைக் கேட்டபோது, மாற்றிய பாகம் மட்டமானது என்றே நினைத்தேன். கடைக்காரரை மனத்துக்குள் திட்டவும் செய்தேன். கழற்றிப் பார்த்த பிறகுதான் தவறு என்னுடையது என்று புரிந்தது.

அந்தப் புஷ்ஷின் வேலையைக் கொஞ்சம் விளக்கினால்தான் தவறு எது என்று விளங்கும். அது உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்புக் குழாய், இரண்டுக்கும் இடையே இரண்டோடும் ஒட்டிப் பதப்படுத்திய ரப்பர் என்ற மூன்றும் சேர்ந்தது. வெளிக்குழாய் ஆர்மின் துளைக்குள் இறுக்கமாக அழுத்திப் பொருத்தப்படுகிறது. உள்குழாயோ, போல்ட்டை முறுக்கியதும் வண்டியின் சட்டத்தில் உள்ள இரண்டு காதுகளுக்கும் நடுவே நசுங்கிப் பிடித்துக்கொள்கிறது, அதன்பின் அது சுழலவே சுழலாது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஆர்ம் கதவுக்கீல் போலச் சுழல்கிறது என்றுதான் நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில் அங்கே எதுவும் சுழல்வதில்லை. இடையில் இருக்கும் ரப்பர்தான் துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டு, பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது.

போன ஆண்டு நான் செய்தது இதுதான். வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்க, ஆர்ம் முழுவதும் கீழே சாய்ந்திருந்த நிலையில், என் பலம் அத்தனையையும் சேர்த்து அந்தப் போல்ட்டை முறுக்கிவிட்டேன். ரப்பருக்கு அதுவே ‘ஓய்வு நிலை’ ஆகிவிட்டது. வண்டியைத் தரையில் இறக்கியதும் ஆர்ம் மேலே வந்தது, ரப்பர் முறுக்கிக்கொண்டது, அப்படியே பதினொரு மாதம் நின்றது. போர்ட்டிகோவில் சும்மா நிற்கும்போதும் அதற்கு ஓய்வில்லை. பள்ளத்தில் விழும்போதோ ஏற்கெனவே முறுக்கியிருப்பது இன்னும் முறுக்கிக்கொள்ளும். கிழியாமல் என்ன செய்யும்? நான் பார்த்த காணொளிகளில் ஒன்றில்கூட இதைச் சொல்லவில்லை. சர்வீஸ் மேனுவலில் ஒரே ஒரு வரியாக இருந்ததை நான்தான் தாண்டிப் போயிருந்தேன்.

இந்த முறை, ஒரு பாகத்தைக் கழற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தேன். முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டு, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்ட் (ஆர்மின் சக்கரப் பக்கத்து உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங்கின் ஆட்டம் தெரியும். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் கம்பியின் முனை) தேய்ந்திருப்பது தெரியும். எங்கள் வண்டியில் பால் ஜாயிண்ட்டும் டை ராட் எண்டும் நன்றாகவே இருந்தன. பிறகு வண்டியை இறக்கி, அப்பாவை உட்காரவைத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணான ஸ்ட்ரட்டின் மேல் மவுண்டிங்கில் கை வைத்தேன். வலப்பக்கம் ரப்பர் குதிப்பது விரல்நுனியில் தெரிந்தது. இடப்பக்க ஸ்ட்ரட்டின் உடம்பில் எண்ணெய் வழிந்து, அதன்மேல் தூசி சேர்ந்து, சேறுபோல அப்பியிருந்தது. லேசான ஈரப்பசை என்றால் கவலைப்பட வேண்டியதில்லை, இப்படி வழிந்தால் ஷாக் அப்சார்பர் முடிந்தது என்று பொருள்.

ஸ்டெபிலைசர் பாரின் புஷ்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் அவற்றை அலட்சியம் செய்கிறார்கள். வேறு பல வண்டிகளில் அந்தக் கம்பி வளைவில் வண்டி சாயாமல் பார்த்துக்கொள்வதோடு சரி. மாருதி 800-இல் அதன் முனை லோயர் ஆர்முக்குள்ளேயே நுழைந்து நிற்கிறது; ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பதும் அதுவே. ஆகவே அந்த முனையின் ரப்பர் நைந்தால் சத்தத்தோடு போகாது, பிரேக் அடிக்கும்போது சக்கரமே பின்னுக்கு நகர்ந்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். எங்கள் வண்டி சில மாதங்களாக இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்ததற்கு பிரேக் ஷூவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாகங்களை வாங்க, சென்னையில் வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனேன். பழைய வண்டிகளின் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய ஸ்ட்ரட் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். ரப்பரும் ஷாக் அப்சார்பரும் பழையது வாங்கக்கூடாத பொருள்கள் என்பது என் கட்சி. ஒரு கதவையோ கண்ணாடியையோ அங்கே தாராளமாக வாங்கலாம். முன்பக்க ஸ்ட்ரட் இரண்டு, மேல் மவுண்டிங் இரண்டு, லோயர் ஆர்ம் புஷ் இரண்டு, ஸ்டெபிலைசர் புஷ் செட் ஒன்று, நட்டு கழலாமல் குறுக்கே செருகும் கோட்டர் பின்கள் என்று வாங்கினேன். கெட்டது இடப்பக்க ஸ்ட்ரட் மட்டும்தான் என்றாலும், ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் சோர்ந்ததுமாக இருந்தால் திடீர் பிரேக்கில் இரண்டு சக்கரமும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும் என்பதால் ஜோடியாகவே மாற்றுவது வழக்கம்.

சனிக்கிழமை மாலையே துருவேறிய நட்டுகள் எல்லாவற்றிலும் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட்டேன். மறுநாள் காலையில் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகளை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் இறக்கினேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுப்பதும், ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் வைப்பதும் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. ஹாலோ பிளாக் பாரத்தைத் தாங்குவதாகத் தோன்றும், பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கும்.

மாருதி 800-இன் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. எர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்த இந்த அமைப்பு, 1950-இல் பிரிட்டனில் வெளிவந்த ஃபோர்டு கான்சல் வண்டியிலேயே இடம்பெற்றுவிட்டது; ஷாக் அப்சார்பரையே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணாகவும் ஆக்கி, மேல் ஆர்ம் ஒன்றை மிச்சப்படுத்தியதுதான் அதன் சூட்சுமம். சிறிய வண்டிக்கு இது பெரிய வரம். ஆனால் ஸ்ட்ரட்டையும், சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டான நக்கிளையும் இணைக்கும் இரண்டு போல்ட்டுகள் கொஞ்சம் இடம் மாறினாலும் சக்கரத்தின் சாய்வு மாறிவிடும். எனவே அவற்றைத் தளர்த்துவதற்கு முன், நக்கிளின்மேல் ஸ்ட்ரட்டின் விளிம்பு படும் இடத்தில் ஆணியால் ஆழமாகக் கோடு கிழித்து வைத்துக்கொண்டேன். பிரேக் ஹோஸை ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்து, நக்கிள் வெளிப்பக்கம் சரிந்து ஹோஸையும் டிரைவ் ஷாஃப்டையும் இழுத்துவிடாதபடி கட்டுக்கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, பானெட்டுக்குள் இருக்கும் மேல் நட்டுகளைக் கடைசியாகக் கழற்றினேன்.

பால் ஜாயிண்ட்டின் தண்டு நக்கிளுக்குள் போய், பிளவுபட்ட ஒரு பிடிக்குள் நின்று, குறுக்கே ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுவதும் உருவி எடுக்க வேண்டும், ஏனெனில் அது தண்டில் வெட்டியுள்ள பள்ளத்தின் ஊடாகவே போகிறது. போன ஆண்டு இது தெரியாமல் அரை மணி நேரம் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தேன், எதிர்வீட்டுப் பெரியவர் எழுந்துவந்து, “தம்பி, எதாச்சும் உதவி வேணுமா?” என்று மிகுந்த பொறுமையோடு கேட்டார். இம்முறை போல்ட்டை உருவி, பிளவில் ஒரு தட்டை ஸ்குரூ டிரைவரைச் செருகி லேசாக அகட்டியதும், ஆர்ம் ஒரே இழுப்பில் கீழே வந்தது.

வீட்டில் நான் தொடாத ஒரே நட்டு, ஸ்ட்ரட்டின் உச்சியில் நடுவே இருப்பது. ஸ்ட்ரட் முழு நீளத்துக்கு நீண்டிருக்கும்போதும் அதிலுள்ள சுருள் ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கிறது. கம்ப்ரசரால் சுருக்காமல் அந்த நட்டைக் கழற்றினால் மேல் தட்டு முகத்துக்குப் பாயும். சந்தையில் கிடைக்கும் இரண்டு கொக்கிக் கம்ப்ரசர் எனக்கு நம்பிக்கை தரவில்லை. ஆகவே இரண்டு ஸ்ட்ரட்டுகளையும் சாக்கில் சுற்றி, ஸ்கூட்டரின் காலடியில் வைத்து, ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய், பழைய ஸ்பிரிங்கைப் புதிய ஸ்ட்ரட்டில் மாற்றி வாங்கி வந்தேன். மாற்றுவதற்கு முன் அந்த மெக்கானிக் புதிய ஸ்ட்ரட்டை நிமிர்த்திப் பிடித்து, அதன் தண்டை நான்கைந்து முறை முழு நீளத்துக்கு இழுத்து அழுத்தினார். கடையில் படுக்கவைத்திருந்ததால் எண்ணெய்க்குள் புகுந்த காற்று வெளியேற வேண்டும் என்றார். முதல் இரண்டு அழுத்தத்தில் தண்டு பாதி வழியில் பொசுக்கென்று இறங்கியது, பிறகு சீராகத் தேன்போல இறங்கியது.

புஷ்ஷை மாற்றுவதற்கு லேத் பட்டறைப் பிரஸ் இருந்தால் ஐந்து நிமிட வேலை. என்னிடம் இருந்தது ஒரு பெஞ்ச் வைஸ். ஒரு பக்கம் வெளிக்குழாயைவிடச் சற்றே சிறிய சாக்கெட், மறுபக்கம் புஷ் உள்ளே விழும் அளவுக்கு அகலமான ஜி.ஐ. பைப் துண்டு, நடுவில் ஆர்ம் என்று வைத்து முறுக்க முறுக்க, பழையது அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. புதியதைப் போடும்போது துளையைச் சுத்தமாகத் தேய்த்து, சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டேன். பலரும் தடவும் கிரீஸ் இயற்கை ரப்பரை ஊறவைத்துப் பஞ்சுபோலாக்கிவிடும். சோப்புத் தண்ணீர் காய்ந்துவிடும்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டியபோது ஸ்ட்ரட்–நக்கிள் போல்ட்டுகளையும் பால் ஜாயிண்ட்டின் குறுக்குப் போல்ட்டையும் முழுமையாக முறுக்கினேன், ஏனெனில் அவற்றில் ரப்பர் இல்லை. ஆர்மின் உள்பக்கப் போல்ட்டையும் ஸ்டெபிலைசர் நட்டுகளையும் கையால் சுற்றி, வாஷர் தொடும்வரை மட்டும் விட்டேன். சக்கரத்தை மாட்டி, ஒவ்வொரு முன்சக்கரத்தின் அடியிலும் இரண்டு தடித்த மரப்பலகைகளை அடுக்கி, வண்டியை அவற்றின்மேல் இறக்கினேன். இப்போது வண்டியின் பாரம் முழுவதும் சக்கரங்களின் மேல், ஆனால் நான் அடியில் நுழையவும் இடம் உண்டு. ஸ்டாண்டுகளையும் சட்டத்துக்குக் கீழே ஒரு விரற்கடை இடைவெளியில் காவலுக்கு நிறுத்தியிருந்தேன். முன் பம்பரைப் பிடித்து நான்கைந்து முறை அழுத்திவிட்டேன், ஸ்பிரிங் தன் இயல்பான உயரத்தில் வந்து அமரட்டும் என்று. அதன் பிறகே அடியில் படுத்து, டார்க் ரெஞ்ச்சில் மேனுவல் சொல்லும் அளவை வைத்து, ரெஞ்ச் ‘க்ளிக்’ என்று சொல்லும்வரை முறுக்கினேன். ஸ்டெபிலைசர் நட்டுகளுக்குப் புதிய கோட்டர் பின்களைச் செருகி வளைத்தேன். பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடுவது நாலு ரூபாய்ச் சிக்கனம், அது வேண்டாம்.

மறுநாள் வீல் அலைன்மென்டுக்குப் போனேன். நான் கிழித்த கோட்டில் ஸ்ட்ரட் சரியாக அமர்ந்திருந்தாலும் டோ, அதாவது முன்சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு, கணிசமாக மாறியிருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் டயரின் உள்விளிம்பு சில மாதங்களில் மொட்டையாகியிருக்கும். பின்பக்க ஷாக் அப்சார்பர்களை மழைக்காலத்துக்கு முன் மாற்ற வேண்டும். அங்கே எதையும் பிரஸ் செய்ய வேண்டியதில்லை என்பதால் அரை நாளில் முடியும்.

அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை வேகத்தடையை மூன்று முறை ஏறி இறங்கினார். திரும்பி வந்து, “போன வருஷமும் இப்படித்தான் சத்தமில்லாம இருந்துச்சு” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து சட்டம்வரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருந்தேன். 500 கிலோமீட்டர் ஆனதும் டார்ச் அடித்துப் பார்த்தேன். எல்லாக் கோடுகளும் முறியாமல் நேராகவே இருக்கின்றன, புஷ்ஷின் ரப்பர் நடுக்குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே தடிமனில் இருக்கிறது. அடுத்த முறை அடியில் படுத்துப் பார்க்க வேண்டிய நாளை, பதினொரு மாதம் தள்ளி, சமையலறைக் காலண்டரில் அப்பாவே எழுதி வைத்திருக்கிறார்.